சைலன்சரில் மூன்று கீரிக்குட்டிகள்

எமில் பொதுப்பணித்துறை பம்ப் ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அடம்பிடிக்கிற மோட்டாரின் காதில் இரண்டே வார்த்தை சொல்லி ஓடவைப்பார் என்று நெடுங்காட்டுப் பக்கம் இன்றும் சொல்வார்கள். என்ன வார்த்தை என்பதை இங்கே எழுத முடியாது.

அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புண்ணியத்தில் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். மகன் சில்வேன் பாரீஸ் பக்கம் போய் வேலை, மனைவி ஓத்ரே, இரண்டு பிள்ளைகள் என்று வேர்விட்டுவிட்டான். எமிலும் ஒரு தடவை போனார். டம்ளரில் போட்டுவைத்த பல்செட்டு காலையில் பனிக்கட்டிக்குள் இருந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்துப் பல்லை மீட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சம்சாரம் ரோசலி இறந்தபோது சில்வேன் வந்து நான்கு நாள் இருந்தான். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு போன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு முடித்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நான்கு நிமிஷம்.

வண்டி வந்துதான் நிலைமையை மாற்றியது. ஒருநாள் சில்வேன் ஒரு படம் வரைந்து அனுப்பினான். முன்பக்கம் நீண்டு, சீட்டு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, உலகத்தில் வேறு எவனிடமும் இல்லாத மோட்டார் சைக்கிள்.

"கட்ட முடியுமா பப்பா? முடிஞ்ச அன்னிக்கே டிக்கெட் போடறேன். ரெண்டு பேரும் அதுலயே வேளாங்கண்ணி போறோம்."

எமில் மறுநாளே கிளம்பினார். விழிதியூரில் பன்னிரண்டு வருஷமாக வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த புல்லட் இன்ஜின் கிடைத்தது. அதை ஸ்டார்ட் செய்தால் பக்கத்தில் நிற்கிற கொக்கெல்லாம் தண்ணீர் வந்துவிட்டதென்று மடையைத் தேடி ஓடும். முன் ஃபோர்க் ஒரு யமஹாவுடையது, பின்சக்கரம் ஒரு ராஜ்தூத்துடையது, டேங்க் உடைந்த விசைப்படகின் தகரத்தை அடித்து வளைத்தது. எதிரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காதர் பாட்சா வெல்டிங் பிடித்தார். எமிலை அவர் பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வான 'முசே' என்றுதான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சில்வேன் வீடியோவில் வந்தான். முக்கால் மணி நேரம் பேசினான். ஒரு தடவை பேரப்பிள்ளைகளைக்கூட இழுத்துவந்து காட்டினான்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை வண்டி முடிந்தது. எமில் கடற்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் சில்வேன் ஆசையாகக் கேட்டான், "ஃபோர்க் வந்துச்சா பப்பா?"

முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் மகன் வருவான், இருபது நாள் இருப்பான், போவான். அப்புறம் மறுபடி நான்கு நிமிஷம்.

"எங்கடா வந்துச்சு? ஃபோர்க் ஏத்திட்டு வந்த லாரி திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துல பதினோரு நாளா மாட்டிக்கிச்சு. டிரைவர் மொட்டை போட்டுட்டு ஊருக்கே போயிட்டான்."

சில்வேன் விழுந்து விழுந்து சிரித்தான். இவ்வளவு சிரித்து எமில் பார்த்ததே இல்லை. அதனால் அடுத்த மாதம் சைலன்சருக்குள் கீரி குட்டி போட்டது. கண் திறக்கும் வரை தொந்தரவு செய்யக் கூடாது என்றார். நம்பிக்கைக்காக காதரையும் போனுக்கு முன்னால் இழுத்தார்.

"மூணு குட்டி தம்பி. நானே எண்ணிப் பார்த்தேன்," என்றார் காதர்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிறகு முக்கால் மணி அரைமணியானது, அரைமணி பத்து நிமிஷமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கையில் இருப்பது இனி வண்டி ஒன்றுதான் என்று எமிலுக்குப் பட்டது. அதைக் கொடுத்தாவது மகனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு அவரே கூப்பிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. காதர் போனைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பப்பா, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க?"

"வண்டி முடிஞ்சிடுச்சுடா."

சில்வேன் சிரித்தான். "இந்த வாரம் இதுவா? சரி, சொல்லுங்க."

எமில் தார்ப்பாயை உருவினார். வெயிலில் டேங்க் மின்னியது.

"இதெல்லாம் இப்ப ஏஐல ரெண்டு நிமிஷ வேலை பப்பா."

"தம்பி, சத்தியமா நெசம்," என்றார் காதர்.

"காதர் அண்ணே, நீங்கதானே கீரிக்குட்டிய எண்ணுனீங்க?"

"அது வேற தம்பி. அது முசே சொல்லச் சொன்னது."

"இதையும் அவருதான் சொல்லச் சொல்லியிருப்பாரு."

எமில் வண்டியில் ஏறி உட்கார்ந்து உதைத்தார். கோழிகள் கூரைக்குப் பறந்தன. கொல்லையில் மூன்று சுற்று ஓட்டிக் காட்டி, போனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மூச்சிரைத்தது.

"டிக்கெட் போடுடா."

திரையில் சிரிப்பு நின்றிருந்தது. பரீட்சையில் படிக்காத கேள்வி வந்துவிட்ட பையனின் முகம். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எமிலுக்கு அந்த முகம் தெரியும்.

"முடிஞ்சிருக்காது பப்பா. நல்லாப் பாருங்க."

"ஒண்ணும் பாக்கி இல்ல."

"ஏதாவது இருக்கும் பப்பா." குரல் இறங்கியது. "ஓத்ரேவுக்கு இப்ப வேலை மாறுது. புள்ளைங்களுக்கு அங்க வெயில் ஒத்துக்காது. இந்த வருஷம் எப்படி... ஏதாவது பாக்கின்னு சொல்லுங்களேன்."

ஒன்றரை வருஷமாகத் தான் மட்டும்தான் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்திருந்ததாக எமில் நினைத்துக்கொண்டிருந்தார். மகனும் அங்கேதான் இருந்திருக்கிறான். அவருக்கு முன்பே போய் வசதியாக இடம் பிடித்திருக்கிறான்.

காதர் போனைப் பிடித்தபடியே வேறு பக்கம் பார்த்தார்.

"ஆமாண்டா," என்றார் எமில். "செயின் இல்ல."

மூன்று சுற்று தன் கண்முன்னால் ஓடிய வண்டிக்குச் செயின் இல்லை என்பதை சில்வேன் உடனே நம்பினான்.

"அதானே பார்த்தேன்! செயின் வர நாளாகுமா?"

"ஆகும். இதுக்குன்னு தனி அளவு. அம்பகரத்தூர்ல ஒருத்தன்தான் செய்வான். அவன் வீட்டு எருமை வருஷத்துல ஒரு தடவைதான் அவன வெளிய விடும்."

சில்வேன் சிரித்தான். அன்று ஐம்பது நிமிஷம் பேசினான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கேமராவுக்கு முத்தம்கூடக் கொடுத்தான்.

போன் அணைந்ததும் எமில் இஸ்திரிச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து செயினின் லாக்கை நெம்ப ஆரம்பித்தார்.

"எதுக்கு முசே? அதான் நம்பிட்டானே."

"அடுத்த வாரம் காட்டச் சொன்னா?"

"கேக்க மாட்டான் முசே."

செயின் கழன்று விழுந்தது. கை நிற்கவில்லை. பின்சக்கரம், பிரேக் கம்பி, சீட்டு, டேங்க் என்று ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் வரிசை வைத்தார். காதர் அவற்றை எண்ணிப் பார்த்தார்.

"இத்தன சாமானுக்கும் ஞாயித்துக்கு ஒரு கதைன்னாக்கூட, நூத்திப்பத்து வயசு வரைக்கும் இருக்கணும் முசே."

"இருந்து?" என்றார் எமில்.

எமில் கையை நீட்டினார். காதர் பதினான்காம் நம்பர் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.