ஞாயித்துக்கிழமைக் கட்டம்

எங்க ஆஸ்பத்திரி ஞாயித்துக்கிழமை திறக்காது. ஆனா தடுப்பூசி மருந்து வச்சிருக்கிற ஃப்ரிட்ஜுக்கு லீவு கிடையாது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உள்ள எத்தனை டிகிரின்னு பார்த்து, கதவுல தொங்குற சார்ட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். ரெண்டுக்குக் கீழ போகக் கூடாது, எட்டுக்கு மேல ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா மருந்து செத்துப்போகும். பார்க்க அப்படியேதான் இருக்கும், குழந்தைக்குப் போட்டா வெறும் தண்ணிதான்.

லீவு நாள்ல எவ வந்து பார்ப்பா? அதனால சனிக்கிழமை சாயங்காலமே ஞாயித்துக்கிழமைக் கட்டத்தையும் நிரப்பிடுறது எங்க வழக்கம். காலையில நாலு, சாயங்காலம் அஞ்சு. ரெண்டும் நாலுன்னா சந்தேகம் வருமாம். சொல்லிக் குடுத்தது எங்க ஹெட் நர்ஸ், பெரிய சிஸ்டர். "பேனாவை மாத்திக்கோடி, ஒரே மையில எழுதாத"ன்னு வேற சொன்னாங்க. நானும் மகா கெட்டிக்காரியாட்டம் காலைக்கு நீலம், சாயங்காலத்துக்குக் கறுப்புன்னு பதினோரு மாசமா எழுதிக்கிட்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்துல இடி விழ!

மனசு உறுத்தாம இல்ல. அதுக்கு நானே ஒரு சமாதானம் பண்ணி வச்சிருந்தேன். ஒரு கிண்ணம் தண்ணிய உறைய வச்சு, ஐஸுக்கு மேல ஒரு காசை வச்சு, அந்த ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல போட்டிருந்தேன். கரண்டு போய் ஐஸ் உருகினா காசு அடியில போயிடும். திரும்ப உறைஞ்சாலும் அங்கயேதான் கிடக்கும். ஒவ்வொரு திங்கக்கிழமையும் முதல் வேலையா அதைப் பார்ப்பேன். காசு மேலயே இருக்கும். அப்பாடான்னு வேலையைப் பார்ப்பேன்.

அந்தத் திங்கக்கிழமை காசு அடியில கிடந்துச்சு.

தெர்மாமீட்டரைப் பார்த்தா சமத்தா நாலு காட்டுது. அது பழசு, இப்போ எவ்வளவுன்னு சொல்லும், நேத்து எவ்வளவுன்னு சொல்லத் தெரியாது. வாசலுக்கு ஓடி வாட்ச்மேனைக் கேட்டேன்.

"நேத்தா? விடிஞ்சதிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் கரண்டே இல்ல சிஸ்டர். ஃபேன் இல்லாம வெந்து போயிட்டேன்"னார்.

உள்ள வந்தா பெஞ்சு நிறைய அம்மாக்கள். ரெண்டு தெரு தள்ளி தட்டம்மை பரவுது, ஒரு குழந்தை பெரியாஸ்பத்திரி ஐசியூவுல கிடக்கு. அந்தப் பயத்துல ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. பெரிய சிஸ்டரை ஃப்ரிட்ஜ் ரூமுக்கு இழுத்துட்டுப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆபீஸ்ல சொல்லிடலாம் சிஸ்டர். இதைத் தூக்கிப் போட்டுட்டு புது மருந்து அனுப்புவாங்க."

அவங்க சார்ட்டைக் காட்டினாங்க. "நேத்துக்கு என்ன எழுதியிருக்கு?"

"நாலு, அஞ்சு."

"யார் கையெழுத்து?"

"என்னோடது."

"கரண்டே இல்லாத ஃப்ரிட்ஜுல நாலு எப்படிம்மா பார்த்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்னேன்.

"நேத்தோட விடமாட்டாங்கடி. எல்லா ஞாயித்துக்கிழமையையும் தோண்டுவாங்க. உன் வேலை போகும். ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற என் மானம் போகும். மருந்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. போ, டோக்கன் கூப்பிடு."

வேற யாராவது சொல்லியிருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். ஆனா இவங்களை எப்படிக் கேக்கிறது? என் வீட்டுக்காரர் கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்தப்போ, இருபது நாள் என் டூட்டியையும் சேர்த்துப் பார்த்த மனுஷி. அவர் இன்னும் எந்திரிக்கலை. வீட்டுல வேலைக்குப் போறவ நான் ஒருத்திதான். கோவம் மண்டைக்கு ஏறுச்சு, அதை யார் மேல காட்டுறதுன்னுதான் தெரியல.

டோக்கன் கூப்பிட்டேன்.

ஒண்ணாம் நம்பர், இருபது வயசுகூட இருக்காது அந்தப் பொண்ணுக்கு, தலைப்பிள்ளை. "இதைப் போட்டுட்டா அம்மை வராதுல்ல சிஸ்டர்?"னு கேட்டா. "கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா"ன்னேன். அதுதான் என் பதில். ரெண்டு, மூணு, நாலு. ஊசி ஏத்துற கை என்னோடதுதானான்னு இருந்துச்சு. அஞ்சு. ஆறு.

ஏழுன்னு கூப்பிட்டேன். வந்து உக்காந்தது என் தங்கச்சி, மடியில ஒன்பது மாசக் குழந்தையோட.

"என்னக்கா பேயறைஞ்ச மாதிரி இருக்க? உன் கையாலதான் போடணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கேன்"னா. குழந்தை என்னைப் பார்த்ததும் ரெண்டு பல்லையும் காட்டிச் சிரிச்சு, என் பேட்ஜைப் பிடிச்சு இழுத்துச்சு.

"இன்னைக்கு வேணாம்டி. அடுத்த வாரம் வா"ன்னேன்.

"ஏன்?"

"பிள்ளைக்கு உடம்பு லேசாச் சுடுது."

அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்தா, கழுத்தைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. சின்ன வயசுலேர்ந்து அவகிட்ட என் பொய் ஒண்ணுகூட வெந்ததில்ல.

"சுடலையே. ஏன்க்கா வேணாங்குற?" குரலைத் தாழ்த்தினா. "மருந்துல ஏதாவது கோளாறா?"

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"அப்போ எனக்கு முன்னாடி ஆறு குழந்தைக்குப் போட்டியே?"

பெஞ்சுல எட்டாம் நம்பர்க்காரி தன் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கிட்டிருந்தா. தங்கச்சி எந்திரிச்சுப் போயிடுவான்னு நினைச்சேன். சத்தியமா, போயிடணும்னு ஆசைப்பட்டேன். அவ போகலை. குழந்தையோட கவுன் கையை மேல சுருட்டி, குண்டுக் கையை என் பக்கம் திருப்பினா.

"அவங்க பிள்ளைங்களுக்கு என்ன போட்டியோ, அதையே என் பிள்ளைக்கும் போடு."

ஊசியை எடுத்தேன். பஞ்சால துடைச்சேன். அதுக்கு மேல முடியல. ஊசியைத் தட்டுல போட்டுட்டு எந்திரிச்சு ஃப்ரிட்ஜ் ரூமுக்குப் போனேன். சார்ட்டைக் கழட்டி, சிவப்புப் பேனாவால ஞாயித்துக்கிழமைக் கட்டத்தை அடிச்சு "பார்க்கவில்லை"ன்னு எழுதினேன்.

"என்னடி பண்ற? பைத்தியமா உனக்கு?" பின்னாலயே பெரிய சிஸ்டர் வந்துட்டாங்க.

முந்தின வாரத்துக்கும் எழுதினேன், பார்க்கவில்லை. பழைய தாள்களைப் புரட்டினேன். நீலம் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, எல்லாம் என் கையெழுத்து.

"என்னையுமாடி மாட்டிவிடப் போற?"னு கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகலை. "என் கையெழுத்துதானே சிஸ்டர் இருக்கு"ன்னேன். அவங்க ஸ்டூல்ல உக்காந்து முகத்தை மூடிக்கிட்டாங்க.

ஃப்ரிட்ஜைப் பூட்டினேன். ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சாவியையும் சார்ட்டையும் மேசை மேல வச்சுட்டு இருன்னாங்க, ஆள் வருதாம். வெளிய பெஞ்சுல ஏன் லேட்டுன்னு சத்தம் ஆரம்பிச்சுடுச்சு.

ஆள் வர்றதுக்குள்ள ஆறு பேரையும் பிடிக்கணும். ரிஜிஸ்டரைப் பார்த்து ஒண்ணாம் நம்பருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துட்டா.

"சிஸ்டர், நீங்களா! இப்பதான் தூங்கவச்சேன், காய்ச்சல்கூட இல்ல. ரெண்டு வாரமா வெளிய விடாம பொத்திப் பொத்தி வச்சிருந்தேன் சிஸ்டர். ஊசி போட்டாச்சேன்னு தைரியமா, வர்ற வழியில அப்படியே அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவ பையனுக்கு அம்மை இறங்கி ரெண்டு நாள்தான் ஆகுது, அதனால என்ன, இனிமே பயமில்லைதானே?"