வீபெகெவின் முழங்கால்

கிளப் தந்த பிரியாவிடைப் பூங்கொத்தைக் கையில் வாங்கும்போதே வீபெகெவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் மீன் விற்கிறவள். அழுகல் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பவன் எதிர்க் கரையில் நின்றாலும் கண்டுபிடித்துவிடுவாள். இன்று அழுகலை விற்றவளே அவள்தான். முழங்கால் போய்விட்டது, இனி கோல் காக்க முடியாது என்று ஹேண்ட்பால் கிளப்பில் சொல்லியிருந்தாள்.

உண்மையில் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் பந்தைத் தடுக்கக் கையும் காலும் விரித்துத் துள்ளும் ஒவ்வொரு முறையும் சிறுநீர் கசிந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் இரண்டாவது மகன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கறுப்புக் கால்சட்டை புண்ணியத்தில் யாருக்கும் தெரியவில்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தாம்மா, பேட் வச்சுக்கோ" என்று டாக்டர் கணினியைப் பார்த்தபடியே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆண்டுக் கூட்டத்தில் காபியும் கேக்கும் சுற்றி வந்தன. தலைவர் பிரேபென் வாய் நிறையக் கேக்கோடு, "முழங்கால்தானே? வியாழக்கிழமை நம்ம பிசியோ சோல்வைகிட்டக் காட்டு. பசங்க காயத்துக்கெல்லாம் கிளப்தானே செலவு பண்ணுது" என்றார்.

"முழங்கால் இல்ல பிரேபென். துள்ளினா ஒண்ணுக்குப் போயிடுது."

பிரேபென் கேக்கை விழுங்கினார்.

"அது... விளையாட்டுக் காயம் இல்லையே, வீபெகெ."

"பின்ன என்ன, மீன் வெட்டுறப்பவா வருது?"

மேசைக் கோடியிலிருந்து முன்னாள் கோல்கீப்பர் யூட்டெ கை தூக்கினாள். "என் முழங்காலும் முழங்கால் இல்ல."

"என்னுதும்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஏண்டி, இந்த ஊர்ல ஒருத்திக்காவது முழங்கால் வலிச்சுதா?" யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். வீபெகெ சிரிக்கவில்லை. மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சோல்வை பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. இடுப்புக்கு அடியில தாங்குற தசைதான். மத்த தசை மாதிரிப் பயிற்சி குடுத்தா, நாலஞ்சு மாசத்துல நிறையப் பேருக்குக் குறையும். பிள்ளை பெத்ததுமே தொடங்கியிருக்கணும், மாதவிடாய் நின்னப்புறமும் விடக்கூடாது. பாதிப் பேர் அந்தத் தசைய மேல இழுக்குறதுக்குப் பதிலா கீழ தள்ளுறாங்க. கூட இருந்து யாராவது பாத்துச் சொல்லிக் குடுக்கணும்."

"வாராவாரம் வர்றியே, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"எல்லாரும் முழங்கால்னாங்க" என்றாள் சோல்வை. "நானாக் கேட்டிருக்கணும். தப்புதான்."

முழங்கால் என்று தானும்தானே சொன்னாள்; சோல்வை மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு தனக்கும் உரியது என்று வீபெகெவுக்கு உறைத்தது. உறைத்ததில் கோபம் இரட்டிப்பானது.

"வியாழக்கிழமை சோல்வை எங்களுக்கு."

"அப்போ பசங்க முழங்கால்?" பிரேபென் பேரத்தில் இறங்கினார். "பாதி நேரம் எடுத்துக்கோயேன்."

"அவங்க காத்திருக்கட்டும். நான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன், செத்தா போயிட்டேன்?"

மேசை நெடுகப் பெண்கள் கை தூக்கியிருந்தார்கள். பிரேபென் எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டார்.

"சரி, முழு நேரமும்."

வீபெகெ பூங்கொத்தை அவர் மடியில் போட்டாள்.

"இத யாராவது நிஜமாவே விலகுறப்போ குடு. சனிக்கிழமை ஆட்டத்துல கோல்ல நான்தான் நிப்பேன். கசிஞ்சா கசியட்டும்."