கண்ணாடியில் வைத்த நம்பர்

காலை ஆறரைக்கே ஜெராய் மலை அடிவாரத்துல கார் நிறுத்த ஒரு சாண் இடம் இல்ல. சனிக்கிழமை, கெடா மாநிலம் முழுக்க லீவு, அத்தனை பேருக்கும் அன்னிக்குத்தான் மலை ஏறணும்னு ஆசை வந்திருக்கு. பார்க்கிங் திடல் நிறைஞ்சு, ரோட்டோரம் ரெண்டு பக்கமும் கார். மூணு ரவுண்டு சுத்தினேன். எனக்குப் பொறுமை கிடையாது, மெர்கோங்ல எங்க வீட்டு வரிசைக்கே அது தெரியும். கடைசியில ஒரு தோட்டத்துச் சந்து வாயில, பாதி உள்ள பாதி வெளியனு சொருகிட்டேன்.

“உமா, உள்ள வீடுங்க இருக்குடி,” என்றாள் காஞ்சனா. ஆபீஸ்ல என் பக்கத்து மேசைக்காரி.

“நம்பர் எழுதி வைக்கிறேன்லா. வேணும்னா கூப்பிடட்டும்.”

நம்ம ஊர்ல அதுதானே வழக்கம்? எவன் வழியை வேணா அடை, கண்ணாடியில போன் நம்பரை வை, பாவம் தீர்ந்துச்சு. ஒரு அட்டையில கொட்டை எழுத்துல எழுதி வச்சிட்டுத்தான் ஏறினேன். மேல இருக்கும்போது கூப்பிட்டா எப்படி இறங்கி வருவேன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

எட்டு மணி இருக்கும், பாதி மலையில மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், தெரியாத நம்பர். எடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு, ஒரு பொம்பளை குரல், மலாய்ல: “அலோ, புவான்... கெரெத்தா புவான்...”

‘அம்மா, உங்க கார்...’னு கெரெத்தா பேச்சு காதுல விழுந்ததும் எனக்குக் கோபம் ஏறிடுச்சு. ‘உங்க காருக்கு சம்மன் இருக்கு’னு போன் பண்ணி ஏமாத்துற கூட்டம்தான்னு நினைச்சேன். போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒருத்தி அப்படித்தான் மாட்டிக்கிட்டு அழுதா.

“கட்டையில போறவளே, காலங்காத்தால ஆள் பிடிக்க வந்துட்டியா!” தமிழ்லயே கத்திட்டு வச்சேன். அவளுக்குப் புரியாதுங்கிற தைரியம். மறுபடியும் அடிச்சா. எடுக்காம பிளாக் பண்ணிட்டேன். காஞ்சனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நானும்தான்.

பன்னெண்டு மணிக்கு இறங்கி வந்தா, என் கார் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. அறுபது வயசு இருக்கும். சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு நான் முந்திக்கிட்டேன்.

“நம்பர் வச்சிருக்கேன்ல? கூப்பிட வேண்டியதுதானே!”

அவங்க எழுந்து நின்னாங்க. “கூப்பிட்டேம்மா. நீங்க நம்மாளா? எந்த இனமோன்னு மலாய்ல பேசினேன். வேற யாருக்கோ போயிடுச்சு. அப்புறம் போகவே இல்ல. நம்பர் தப்பா எழுதிட்டீங்களா?”

காலையில வந்த அந்தப் போன் இவங்களுதுதான். என்ன ஆச்சுக்கானு கேட்டேன்.

அவங்க பேரு அழகம்மா. வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். சர்க்கரையில ஒரு காலை எடுத்தாச்சு. பக்கத்து வீட்டு பக்கிரிசாமிதான் காருல கூட்டிட்டுப் போவாராம். அந்தக் கார் என் காருக்குப் பின்னாடி, சந்துக்குள்ள. வேற வழி இல்லாம மோட்டார் சைக்கிள்ல உட்கார வச்சு, பக்கிரிசாமி முதுகோட துண்டால கட்டி அனுப்பியிருக்காங்க. ஒத்தைக் கால் மனுஷன்.

“லேட்டாயிடுச்சுன்னு நாலு மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் மெஷின் போட்டாங்களாம். இனி செவ்வாய்க்கிழமைதான். அதுவரைக்கும் மூச்சு முட்டாம இருக்கணும், அந்தக் கவலைதான். நீங்க என்ன பண்ணுவீங்க, நம்பர்தானே மாறிப் போச்சு.”

காஞ்சனா என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்க்கல.

“ஆமாக்கா,” என்றேன். “அஞ்சுக்குப் பதிலா ஆறு போட்டுட்டேன் போல.” சொன்னதோட விட்டேனா? கைப்பையில இருந்து பேனாவை எடுத்து, அவங்க கண்ணு முன்னாடியே நல்லா இருந்த நம்பரை அடிச்சுத் திருத்தினேன். த்தூ, என்ன ஜென்மம் நான்!

“போன் எடுத்த அந்தப் பொண்ணுதான் பாவம்,” என்றாங்க அழகம்மா. “தமிழ்ப் பொண்ணுதான். காலங்காத்தால தொந்தரவு பண்ணிட்டேன். கட்டையில போறவளேன்னு திட்டிச்சு. அந்த நேரத்துல அவரைப் பார்த்துக்கிட்டே அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. ஆனா அதுக்கு என்ன தெரியும், பாவம்.”

அங்கேயே சொல்லியிருக்கணும். ‘நான்தான்க்கா’, ஒரே வார்த்தை. ஊருக்கே கேக்கக் கத்துற வாய் அப்ப ஒட்டிக்கிச்சு. காரை எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

பெட்ரோல் போட குரூண் எண்ணெய்க் கடைக்குள்ள திருப்பினேன். அங்க நிறுத்தினதும் காஞ்சனா சொன்னா: “போன்லயாவது சொல்லிடு, உமா. இல்லேன்னா என்கூடப் பேசாத.”

பிளாக்கை எடுத்துட்டு அடிச்சேன். ‘அக்கா, காலையில திட்டினது நான்தான், நம்பர் சரியான நம்பர்தான்’, மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துட்டாங்க.

“அம்மாடி, காலையில பேசின பொண்ணா? மன்னிச்சுக்கோம்மா. நம்பர் மாறி உனக்கு வந்துடுச்சு. வீட்டுக்காரருக்கு முடியல, அந்தப் பதட்டத்துல மறுபடி மறுபடி அடிச்சிட்டேன். மனசுல வச்சுக்காத.”

நான் வாயைத் திறந்தேன். வந்த குரல் எனக்கே அடையாளம் தெரியல.

“பரவாயில்லக்கா.”

“ரொம்ப நல்ல மனசும்மா உனக்கு,” என்றாங்க.