ஜெபக்கனியின் வலது கை

டம்ளர் அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, ஏழு வருடமாக நழுவுகிறது, காப்பி சிமெண்டுத் தரையில் ஓடி அவர் செருப்பைத் தொடுகிறது, ஞானசிகாமணி குனிந்து எடுக்கவில்லை, மேசையில் பாடக்குறிப்பு விரிந்து கிடக்கிறது, பாளையங்கோட்டையில் ஜூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரம், இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு உளவியலின் வரலாறு, முதல் அலகு, லைப்சிக் நகரத்தில் ஒரு பேராசிரியர் ஆய்வகம் திறந்து மனசை மனசாலேயே உற்றுப் பார்க்கச் சொன்ன கதை, அவர் மனைவி ஜெபக்கனி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என்னங்க, கை திடீர்னு மரத்துப் போவுது, பிடிச்சதே தெரிய மாட்டேங்கு. மரத்துப் போவுதுன்னு சொல்லாத, அது பேரு, பேரை விட்டுட்டு உணர்வை மட்டும் சொல்லு, குளிருதா, குத்துதா, என்று இவர் பேனாவைத் திறந்தார், அவளும் பாவம் கண்ணை மூடி யோசித்துப் பார்த்து, எறும்பு ஊருத மாதிரி இருக்கு என்றாள், எறும்புன்னும் சொல்லக்கூடாது என்றார், அவள் சிரித்துவிட்டாள், அன்றைக்கு இருவருமே சிரித்தார்கள், அதை நினைத்தால்தான் இப்போது நெஞ்சு வெடிக்கிறது.

அவருக்கு அப்படி ஒரு பழக்கம், எந்த மாதம் எந்த அலகோ அந்த மாதம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வீட்டைப் பார்ப்பார், புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு உதாரணங்கள், வகுப்பில் எடுபடாது, எங்க வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஊர்ப்பிள்ளைகளின் மனசெல்லாம் அத்துப்படியான வாத்தியார், வீட்டில் ஒருத்தி கை மரக்கிறது என்றால் கை மரக்கிறது என்று கேட்கத் தெரியாதவர். ஆகஸ்டில் வியன்னா வந்தது, மனசு விழுங்கிய துக்கத்தை உடம்பு கக்கும் என்ற பாடம், அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர், கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் விழுகிறது என்று வந்து சொன்னாள், இவருக்கோ ஒரு மின்னல் அடித்தது, பதினொரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன அவர்களுடைய பிள்ளை நினைவுக்கு வந்தது, இங்க பாரு கனி, அந்தப் பிள்ளைய ஏந்துன கை அது, வாயால அழாததைக் கை அழுவுது, எவ்வளவு அழகான விளக்கம், சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. அவள் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளைய நான் இடது கையிலல்லா ஏந்துனேன் என்றாள். மறுப்பதுதான் பெரிய ஆதாரம் என்று மறுநாள் வகுப்பில் சொன்னார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர், அமெரிக்கா, மனசென்று ஒன்றைப் பற்றிப் பேசவே வேண்டாம், நடத்தையைப் பார், பரிசு கிடைப்பது வளரும், கிடைக்காதது உதிரும், அப்போது அவளுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, தான் ஓடி ஓடித் தைலம் தேய்ப்பதால்தான் தலைவலி வருகிறது என்று இவர் கண்டுபிடித்தார், தலைவலி என்று சொன்னால் பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டார், சொல்லாத நாளில் பிச்சிப்பூ வாங்கி வருவார், அவள் கெட்டிக்காரி, சீக்கிரமே படித்துக்கொண்டாள், குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுத்தாள், சத்தம் கேட்கக்கூடாதே. வாரத்துக்குப் பன்னிரண்டு புகார் ஒன்றாகக் குறைந்ததை வரைபடம் போட்டு வகுப்பில் ஒட்டினார், மாணவர்கள் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டல் இப்போதும் மதியத் தூக்கத்தில் கேட்கிறது, கேட்டு எழுந்து உட்கார்ந்தால் எந்த வருடம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை, குழாய் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறார், மூடித்தான் இருக்கிறது. நவம்பரில், முழுமையைப் பார் என்ற ஜெர்மன்காரர்களின் பாடம், பலகையில் புள்ளி புள்ளியாக வைத்து, இது தனித்தனிப் புள்ளியா, என்ன தெரியுது சொல்லுங்க என்றார், நாய் சார் என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கை ஒரு புள்ளி, தலைவலி ஒரு புள்ளி, வாந்தி ஒரு புள்ளி, சர்ச் படியில் கால் தடுமாறியது ஒரு புள்ளி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாடத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர் நாய்க்கு வால் வரைந்துகொண்டிருந்தார்.

ஜனவரியில், ஆலோசனைக்கு வந்தவர் சொல்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு அப்படியே திருப்பிச் சொல் என்ற பாடம், அதில்தான் அவருக்கு நல்ல பெயர், நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், என்னங்க, மரப்பு இப்பம் முழங்கை வரைக்கும் வந்துட்டு, பயமா இருக்கு. உனக்குப் பயமா இருக்கு, என்றார். டாக்டர்ட்ட போவமா. டாக்டர்ட்ட போகணும்னு உனக்குத் தோணுது. அவள் அவரைப் பார்த்த பார்வையை எந்தப் பாடத்திலும் வைக்க முடியவில்லை, நான் சொன்னதையே திருப்பிச் சொல்லுதியளே, நான் கிணத்துக்குள்ளயா பேசுதேன் என்று கேட்டுவிட்டு உலைவைக்கப் போனாள், இடது கையால் அரிசி களைந்தாள்.

பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் விழுந்தாள், அவளுடைய ஹெட்மிஸ்ட்ரஸ் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டு இவருக்குப் போன் பண்ணினார், இவர் போய்ச் சேருவதற்குள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டுகிறார், மாட்டினார், மாட்டிக்கொண்டே இருக்கிறார், மூளையின் இடது பக்கம், எலுமிச்சங்காய் அளவில் ஒரு வெள்ளை, வலது கையை ஆட்டுவிக்கிற இடம் இதுதான் என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார், எத்தனை நாளா இருக்கு என்றார், ஜூன்ல இருந்து இருக்கு சார் என்று அவள்தான் பதில் சொன்னாள், ஜூன்லயே வந்திருந்தா என்று ஆரம்பித்து டாக்டர் நிறுத்திக்கொண்டார், பேனாவை மூடித் திறந்தார், இனி அறுத்தாலும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது, ஆறு மாசமோ என்னமோ என்று இவர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்கவில்லை, கட்டிலிலிருந்து எக்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் அப்படியே தெளிந்து வந்தது, எட்டு மாதமாக அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை, அப்பம் இது நெசந்தான சார், நானா உண்டாக்கலல்லா என்று கேட்டாள், டாக்டருக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், அவள் புருஷனின் சட்டைக் கையை இடது கையால் பிடித்து இழுத்தாள், பாத்தியளா, நல்லாப் பாருங்க, நான் பொய் சொல்லல என்று சொல்லிச் சிரித்தாள், இனி இவர் நம்புவார் என்ற சந்தோஷம் அவளுக்கு.