தண்ணிப் பல்லி சைவமான கதை

சங்கரநாராயண பிள்ளையின் சைவம் சாதாரணச் சைவம் இல்லை. ராயபுரத்தில் நாலு பக்கமும் கருவாடு காயும் தெருவில் குடியிருந்துகொண்டு, காற்றடிக்கும் திசை பார்த்து மூச்சு விடுகிற சைவம். விடிவதற்குள் குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, தெருவே எழுந்துகொள்ளும்படி பதிகம் பாடுவார். யாராவது பொருள் கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். பொருள் தேடினால் பக்தி குறையும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தப் பிராணி வந்து விடிந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், காய்கறி போடுவது அவர் தொழில். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கப்பல் கரைக்கு வந்தால் பத்து வியாபாரிகள் ஏணியில் தொங்கிய காலம். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், ஜப்பானில் வாங்கிய சாலமாண்டர் என்ற, தண்ணீரில் கிடக்கும் பல்லி போன்ற பிராணியைக் கண்ணாடி ஜாடியோடு அவரிடம் கொடுத்தான். இன்ஜின் சூடு அதற்கு ஆகவில்லையாம். தான் கல்கத்தா போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். இளைக்காமல் ஒப்படைத்தால் அந்தக் கம்பெனிக் கப்பல்கள் அத்தனைக்கும் பிள்ளைதான் காய்கறி போடுவார். செத்துப்போனால் ஏணிப் பக்கமே வர வேண்டியதில்லை.

என்ன தின்னும் என்று கேட்டதற்கு இன்ஜினியர் ஆள்காட்டி விரலை நெளித்து நெளித்துக் காட்டினான். நெளிந்து நெளிந்து நடக்கும் என்கிறான் போலும் என்று பிள்ளை 'எஸ் சார்' போட்டுவிட்டு வந்துவிட்டார்.

கறுத்த முதுகு, குங்குமச் சிவப்பில் வயிறு. பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அது தண்ணிப் பல்லி ஆனது. பிள்ளை தயிர்சாதம் வைத்தார், கீரை மசியல் வைத்தார், ஊறவைத்த பாசிப்பயறும் வைத்தார். பல்லி எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கொல்லைப்புறம் செல்லம்மா வந்திருந்தாள். மீன்காரி. கூடையை மரியாதையாக வெளியே வைத்துவிட்டு, ஆட்டுக்குக் கழுநீர் எடுத்துப் போக வருகிறவள். ஜாடியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்கூழு போடு நைனா. சும்மா துன்னுட்டு குண்டா ஆய்டும்."

நாங்கூழ் என்றால் மண்புழு. குப்பத்தில் தூண்டிலில் கோக்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை. 'நாங்க குடிக்கிற கூழு' என்பதைத்தான் இவள் மெட்ராஸ் பாஷையில் மென்று துப்புகிறாள் என்று அவராகவே முடிவு கட்டினார். கேழ்வரகு வாங்கிக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, உப்புப் போடாமல், ஊதி ஊதி ஆற்றி ஜாடியில் விட்டார். உப்பு அதன் தோலுக்கு ஆகாது என்று மனைவிக்குப் பாடமும் நடத்தினார்.

மனைவி முப்பிடாதிக்குக் கணவரைவிடக் காது கூர்மை. அவர் கடைக்குப் போனதும் செல்லம்மாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுக்கொண்டாள். கேட்டதும் 'சிவ சிவா' என்று காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விலா எலும்பு தெரியக் கிடந்த அந்த வாயில்லாச் சீவனைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. கூழைக் கழுநீர்ப் பானையில் கொட்டினாள், ஜாடியைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் விட்டாள், நிழலில் ஈரச்சாக்கைச் சுற்றி வைத்தாள். செல்லம்மா வாழையிலையில் கொண்டுவந்த புழுவை அலசி, துடைப்பக்குச்சி நுனியில் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். லபக்.

அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் விருந்து. வயிறு நிறைந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் மேலே திணிக்க மாட்டாள். முடிந்ததும் தலைமுழுகித் திருநீறு பூசிக்கொள்வாள். பல்லி உருண்டு திரண்டது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் புழுவை நிறுத்திவிடுவார், பல்லி செத்துவிடும். அதோடு, ஊதி ஊதிக் கூழ் ஆற்றும் மனிதரைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷியும் இருந்தது.

பிள்ளை சும்மா இருந்தாரா? பார்த்தவரிடமெல்லாம் பெருமை அடித்தார். சீமைப் பிராணியையே சைவமாக்கிவிட்டேன், மனுஷன் மாறமாட்டானா என்றார். கடைசியில் சைவ அன்பர் கூட்டத்தையே வீட்டுக்கு அழைத்துவிட்டார். தலைவர் வேலப்பன் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை கரண்டியில் கூழ் எடுத்து விட்டார். பல்லி, எனக்கென்ன என்று கிடந்தது.

"கூச்சப்படுது" என்று சமாளித்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "யக்கா, நாங்கூழு கொண்டாந்துகீறேன்."

முப்பிடாதி பாய்ந்து எழுந்தாள். பிள்ளைக்கோ போன உயிர் திரும்பியது. "நீ இரு. செல்லம்மா, அதை இங்கெ கொண்டா, எல்லாரும் பார்க்கட்டும். குப்பத்துக் கைப்பக்குவமே தனி."

செல்லம்மா தயங்கித் தயங்கி வந்து, வேலப்பனின் முழங்கால் அருகே வாழையிலையைப் பிரித்தாள். கைப்பக்குவம் நெளிந்தது. ஒன்று பாய்மேல் ஊர்ந்தது. செல்லம்மா அதை எடுத்து ஜாடிக்குமேல் பிடித்தாள். பல்லி எழும்பி லபக்கென்று வாங்கிக்கொண்டது.

அன்பர்கள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். வேலப்பன் மட்டும் நகரவில்லை.

"பிள்ளைவாள், தெனம் காலையிலெ நீங்க ஓதுற பாட்டுலயே 'எறும்பிடை நாங்கூழ்'னு வருதே, எறும்பு அரிக்கிற புழுன்னு. அதைக் கூழுன்னு நெனச்சா இத்தனை வருஷமா உருகுனிய?"

அந்த அடி வரும்போதெல்லாம் பசித்த ஏழையின் கூழை நினைத்துப் பிள்ளை நிஜமாகவே அழுதிருக்கிறார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பல்லி செத்தா கப்பல் போயிரும்லா. கேட்டியளா, கூழை நான் வீணாக்கலை. செல்லம்மா ஆட்டுக்கு ஊத்திட்டேன்."

அந்த ஆடும் நன்றாகத்தான் கொழுத்திருந்தது.

கப்பல் திரும்பியது. இன்ஜினியர் ஜாடியைத் தூக்கி, கொழுத்த பல்லியைப் பார்த்துப் பூரித்துப்போய், கம்பெனி வேலை உனக்குத்தான் என்று கை கொடுத்தான். அப்படி என்னதான் போட்டாய் என்றும் கேட்டான்.

பிள்ளைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த சைவர் யாரும் இல்லை. மெல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கி, நெளித்து நெளித்துக் காட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலப் பாட்டு கிளம்பியது. அந்த அடி நெருங்கியபோது பிள்ளை குரலைத் தாழ்த்தி மென்று விழுங்கப் பார்த்தார். விட்ட சொல்லை அடுக்களையிலிருந்து முப்பிடாதி கணீரென்று எடுத்துக் கொடுத்தாள்.