கழுவாத பீப்பாய்கள்

நான்காவது பீப்பாயின் தக்கையைத் தட்டி எடுத்தாள் தங்கை. கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்கி, மேல்முனையை விரலால் அடைத்து, வெளியே எடுத்துக் கோப்பையில் விட்டாள். செம்பழுப்பு. நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

மோந்தாள். அணைந்த தீக்குச்சி. அதற்கு அடியில் அழுகிய முட்டை.

நாக்கில் வைத்துத் துப்பினாள். ரப்பர் எரிந்த கசப்பு. முதல் மூன்றும் இப்படித்தான்.

பீப்பாய்கள் ஆறு. புது மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்காகக் கிடந்த சாராயத்தை, ஒயின் இருந்த பழைய பீப்பாய்களுக்கு மாற்றிக் கடைசிப் பக்குவம் கொடுப்பது அவள் யோசனை. காலிப் பீப்பாயில் பூசணம் பிடிக்காமலிருக்க, ஒயின்காரர்கள் உள்ளே கந்தகம் கொளுத்தி அனுப்புவார்கள். வந்ததும் கழுவவேண்டும் என்றாள் அக்கா.

"கழுவினா ஒயினும் சேந்து போயிடும்க்கா. அப்புறம் எதுக்கு இந்தப் பீப்பா? நீயே மோந்து பாரு."

அன்று திராட்சை வாசனைதான் வந்தது. அப்படியே நிரப்புவதென்று முடிவானது.

மாதாமாதம் ருசி பார்த்தாள். எல்லாவற்றையும் திறந்தால் காற்றுப் புகும் என்று, முதல் பீப்பாயை மட்டும். கந்தகம் முதலில் லேசாகத் தெரிந்தது, பிறகு கூடியது. போகப்போக அடங்கும் என்று நினைத்தாள். மற்றவை நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அக்காவிடம், "நல்லா வருது" என்றாள்.

வீட்டை விற்றுத்தான் காய்ச்சும் செம்புக் கொப்பரை வாங்கினார்கள். இப்போது கொட்டகைக்கு மேலே ஒரே அறையில் படுக்கை. மொத்த வியாபாரி இன்று வருகிறார். பிடித்தால் ஆறையும் எடுத்துக்கொள்வார். வேறு யாரும் கேட்கவில்லை.

அக்கா மாடியிலிருந்து இறங்கிவந்தாள். இஸ்திரி போட்ட சட்டை.

"மூக்கர் கெளம்பிட்டாராம். என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பொண்ணு பாக்க வர மாதிரி."

வியாபாரிக்கு அவர்கள் வைத்த பெயர் மூக்கர்.

தங்கை கோப்பையை நீட்டினாள். அக்கா மோந்தாள். கொப்பரைப் பக்கம் போய்ச் செம்புக் கம்பி ஒரு துண்டு வெட்டி வந்து, கோப்பையில் போட்டுக் குலுக்கினாள். செம்பு கந்தகத்தை இழுக்கும். முட்டை வாசனை குறைந்தது. ரப்பர் போகவில்லை.

"எத்தன?"

"நாலு பாத்துட்டேன்."

ஐந்தாவதையும் திறந்தாள். அதுவும் அதே. ஆறாவதன் தக்கையை எடுக்கும்போது கை வழுக்கிச் சுத்தியல் கீழே விழுந்தது. எடுத்துத் திரும்பத் தட்டினாள்.

மோந்தாள். திரும்ப மோந்தாள். பதனிட்ட தோல். காய்ந்த திராட்சை. ஒயின் கொஞ்சம் மெலிவுதான். ஆனால் சுத்தம்.

"அக்கா! இது நல்லாருக்கு. இது எப்படி..."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"நீ லாரிக்காரனோட சண்ட போட்டுட்டு இருந்தேல்ல, அப்போ அத மட்டும் வெந்நி ஊத்தி உருட்டினேன்."

"மீதி?"

"அதுக்குள்ள நீ சிரிச்சுக்கிட்டே உள்ள வந்துட்ட. உன்ன நம்பலன்னு ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. என்னத் திட்டியிருக்கலாமே!"

"நல்லா வருதுன்னு சொன்னியேடி."

வெளியே கார் நின்றது.

வியாபாரி உட்காரவில்லை. தங்கை ஆறாவதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் நெடுநேரம் மோந்தார். ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை.

"பரவால்லையே! காட்டமா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன்மா. மத்ததும் இதே மாதிரிதான?"

"ஆமா" என்றாள் தங்கை.

"அப்போ திறந்து காத்துப் பட வைக்க வேணாம். நாளைக்கே வண்டி அனுப்பறேன். எழுதிடலாமா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா எதுவும் சொல்லப்போவதில்லை. உதடு இறுகியிருந்தது. பீப்பாய்கள் வந்த அன்றும் கடைசியில் அப்படித்தான் நின்றாள்.

பலகைமேல் நான்காவது பீப்பாயின் கோப்பை இருந்தது. தங்கை செம்புக் கம்பியை வெளியே எடுத்தாள். கோப்பையைக் கொட்டி, அதே பீப்பாயிலிருந்து மறுபடி நிரப்பி அவரிடம் கொடுத்தாள்.

அவர் மோந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தன இப்படி?"

"அஞ்சு."

"ஒண்ண வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

கார் போகும் சத்தம் வளைவு வரை கேட்டது.

அக்கா சட்டைக் கையை மடித்தாள். முதல் பீப்பாயைக் கொப்பரை நோக்கி உருட்டத் தொடங்கினாள். திரும்பக் காய்ச்சினால் செம்பில் கந்தகம் போகும். நிறமும் போகும். ஒயினும், மரத்தில் கிடந்த வருஷங்களும் போகும்.

"தண்ணி மாதிரி வரும்க்கா."

"வரட்டும்."

"யாரு வாங்குவா?"

பாதி வழியில் பீப்பாய் நின்றுவிட்டது.

"சொல்லுக்கா. ஏதாவது சொல்லு."

பீப்பாய் கனமாக இருந்தது. அக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை.

"வந்து பிடிடி" என்றாள்.