ஈரவ்வா வாங்கிய கேமரா

ஈரவ்வா கேமரா வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் டிப்போவில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள், இன்னொன்று நான். கதக்கிலிருந்து கிராமத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஆறு வருஷமாக நான் ஓட்டுநர், அவள் கண்டக்டர். எதற்காக வாங்குகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

டிசம்பரில் ஒரு காலை ஹொளெகட்டி ஏரிக்கரையில் எருமைகள் வழியை மறித்து நின்றுவிட்டன. ஹாரன் அடித்தும் அசையவில்லை. படிக்கட்டில் நின்றிருந்த ஈரவ்வா திடீரென்று கத்தினாள்.

"யல்லப்பண்ணே, அந்த வாத்தப் பாரு! கழுத்துல என்னமோ மாட்டியிருக்கு."

"ஏதாவது பிளாஸ்டிக் குப்பையா இருக்கும்."

"குப்பை இவ்வளவு வட்டமாவா இருக்கும்? பச்சை வளையம். அதுல வெள்ளையா எழுத்து இருக்கு."

தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு குளிர்காலத்தில் இமயமலை தாண்டி வரும் வாத்துகள் அவை. ராத்திரி வயல்களில் மேய்ந்துவிட்டுக் காலையில் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும். மங்கோலியாவில் சிலர் அவற்றைப் பிடித்து, எண் போட்ட வளையத்தை மாட்டி விடுகிறார்களாம். அந்த எண்ணைப் படித்து எழுதியனுப்பினால் அந்தப் பறவையின் வரலாறே கிடைக்கும் என்று வனத்துறைக் காவலர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தார்வாடிலிருந்து பெரிய பெரிய லென்ஸோடு ஒரு பறவைக் குழு வரும். அதன் தலைவர் இனாம்தார், ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவரிடம் போய் ஈரவ்வா விஷயத்தைச் சொன்னாள்.

"ஒன்பது வருஷமா இந்த ஏரிய நாங்க பாக்குறோம்மா. எங்க கண்ணுல படாதது, ஓடுற பஸ்ல இருந்த உங்க கண்ணுல பட்டுச்சா?"

"ஓடல சார். எருமை மறிச்சு நின்னுச்சு."

அவரோடு வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஈரவ்வா சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும், "அந்த எழுத்தப் படிக்காம விடமாட்டேன்" என்றாள். சில்லறை இல்லாத பயணியிடம் பேசும் அதே குரல். அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று அர்த்தம்.

ஜனவரியில் சம்பள பாக்கி சேர்ந்து வந்தது. ஹூப்ளிக்குப் போனோம். நாங்கள் என்றால் ஈரவ்வா, அவள் புருஷன் ஃபக்கீரப்பா, நான். ஃபக்கீரப்பா மாவு மில் வைத்திருக்கிறார். அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, வீட்டில் நல்ல கேமரா இருந்தால் கௌரவம் என்பது அவர் கணக்கு.

கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

"மேடம், இதுல லென்ஸக் கழட்டி மாட்டலாம். இன்னைக்கு இந்தச் சின்ன லென்ஸ், வசதி வந்தா நாளைக்குப் பெரிய லென்ஸ். வளர்ந்துகிட்டே போகலாம்."

"அது?"

"அது லென்ஸோட ஒட்டிப் பொறந்தது. கழட்ட முடியாது. நல்லா எட்டிப் பாக்கும். ஆனா உள்ள இருக்குற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். வெளிச்சம் கொறஞ்சா படம் மண்ணு மண்ணா வரும். பின்னாடி வந்து என்னைக் கேக்கக் கூடாது."

முதல் கேமராவில் ஃபக்கீரப்பாவைப் படம் எடுத்துக் காட்டினார். மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். பின்னால் இருந்த அலமாரியெல்லாம் புகைபோல மங்கி, மனிதர் மட்டும் பளிச்சென்று நின்றார்.

"இதுதான் ஈரா," என்றார் ஃபக்கீரப்பா. "இதுல நானே மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்."

"உங்கள நான் தினமும்தான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு ஈரவ்வா இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் பதறிப்போய்க் கூடவே ஓடினார். தெருவுக்கு அப்பால், நாலைந்து கட்டடம் தாண்டி, ஒரு மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. அவள் இரண்டிலும் அதைப் படம் எடுத்தாள்.

கழற்றி மாட்டும் கேமராவில் வானம் அழகாக விழுந்திருந்தது. தொட்டி கடுகளவு. பெரிதாக்கினால் கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். மற்றதில் வானம் வெளிறிப்போய், ஓரமெல்லாம் பிசிறடித்திருந்தது. ஆனால் தொட்டியின் மேல் 'ஆயிரம் லிட்டர்' என்பதும், அதன்கீழே யாரோ சுண்ணாம்பால் கிறுக்கிய 'சங்கரா, மோட்டாரை நிறுத்து' என்பதும் தெளிவாகத் தெரிந்தன.

"இதே தூரம் எட்டணும்னா அதுக்கு என்ன லென்ஸ் வேணும்?"

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். விலை கேமராவைப்போல நாலு மடங்கு. ஈரவ்வா தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு அழகு வேணாம். எழுத்து வேணும். ஒட்டிப் பொறந்ததையே குடுங்க."

ஹூப்ளியிலிருந்து கதக் வரும்வரை ஃபக்கீரப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். நிச்சயதார்த்தத்தன்று கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. மங்கலான மண்டபத்தில் எடுத்த படத்தில் மணப்பெண் முகத்தில் மணல் தூவினதுபோல இருந்தது. "வாத்துக்கு வாங்கின கேமராவில மனுஷன் எப்படி விழுவான்?" என்று அவள் ஓரகத்தி சபையிலேயே கேட்டாள். ஈரவ்வா கேமராவை உறைக்குள் வைத்துவிட்டுப் பந்தியில் பரிமாறப் போய்விட்டாள். அவளுக்கு வலிக்காமல் இருந்திருக்காது. ஆனால் அடுத்த புதன்கிழமை, அவளுடைய வார விடுமுறை நாளில், முதல் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் சோளரொட்டி மூட்டை.

முதல் புதன் இருட்டு விலகுமுன்னே எடுத்துவிட்டாள். எல்லாம் சாம்பல் கரைசல். இரண்டாவது புதன் வெயில் ஏறியபின் எடுத்தாள். தண்ணீருக்கு மேலே காற்று கானலாக நெளிந்தது, வாத்துகளும் சேர்ந்து நெளிந்தன. போதாததற்கு, முழு ஜூமில் கை லேசாக நடுங்கினாலும் படம் என் பஸ்ஸைப்போல ஆடியது.

"நல்ல நேரம் காலைல ஏழே முக்கால்ல இருந்து எட்டே முக்கால் வரைக்கும்தான்," என்றாள் திரும்பும்போது. "வாரத்துக்கு ஒரு மணி நேரம். போதும்."

மூன்றாவது புதன் ஒரு பையில் சோளம் நிரப்பிக் கொண்டுபோனாள். மதகுக்குப் பக்கத்துக் கல்லில் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கி வைத்தாள். ஆட்டம் நின்றது. அன்றைக்குப் பார்த்து ஏதோ விடுமுறை, இனாம்தார் குழு வந்து இறங்கியது. மூன்று கேமரா முக்காலிகளை நட்டு, கரைமேல் வரிசையாக நின்றார்கள். வாத்துக் கூட்டம் மெல்ல நீந்தி அக்கரைக்குப் போய்விட்டது.

இனாம்தார் அவள் கேமராவைப் பார்த்தார். "இது சின்னப் பசங்க சுற்றுலாவுக்குக் கொண்டுபோறதாச்சே! யாராவது கேட்டிருந்தா நல்ல யோசனை சொல்லியிருப்பேனே."

"சார், கொஞ்சம் உக்காருங்க. நிக்கிற ஆளப் பாத்தாத்தான் அதுங்க மிரளுது. உக்காந்தா திரும்பி வரும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் குழுவில் ஒருவரின் போன் சத்தமாக அலறியது. வாத்துகள் எழும்பிப் பறந்தன, அன்றைய ஒரு மணி நேரம் அதோடு முடிந்தது. இதை அவள் என்னிடம் சொன்னபோது நான்தான் அவர்களைத் திட்டினேன், அவள் திட்டவில்லை.

நாலாவது புதன் பச்சை வளையம் கிடைத்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்று காட்டினாள். K என்ற எழுத்து, அடுத்து 6. அதற்கடுத்த எண் கழுத்து வளைவுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"ரெண்டோ மூணோ, ஒண்ணப் போட்டு அனுப்பு தங்கச்சி. மங்கோலியாக்காரன் இங்க வந்தா பாக்கப் போறான்?"

"ஏண்ணே, பயணி எந்த ஊர்னு சொல்றதுக்கு முன்னாடியே குத்துமதிப்பா டிக்கெட் கிழிச்சா நீ விடுவியா? தப்பான நம்பரப் போட்டா, எங்கேயோ இருக்குற வேற ஒரு வாத்தோட கதைல இத ஏத்திருவாங்க. அடுத்த வாரம் போறேன்."

ஐந்தாவது புதன் மேகமூட்டம். அடுத்த புதன் வருவதற்குள் பிப்ரவரி பாதி தாண்டிவிட்டது, வாத்துகள் கிளம்பும் காலம். அன்று அவள் ரொட்டியைக்கூடப் பிரிக்கவில்லையாம். எட்டே காலுக்கு அந்த வாத்து கரையேறி, இறகு கோத, கழுத்தை முழுசாகத் திருப்பியது. K62. முப்பத்தெட்டுப் படம் எடுத்திருந்தாள். எல்லாம் ஓரத்தில் பிசிறு, நிறம் வெளிறல். K62 மட்டும் எல்லாவற்றிலும் படிக்க முடிந்தது.

காவலரிடம் முகவரி வாங்கி, போனிலேயே தட்டித் தட்டி இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தபோது நாங்கள் கதக் பஸ் நிலையத்தில் கிர்மிட் தின்றுகொண்டிருந்தோம். புளியும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த பொரி ஒட்டிய விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் படித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், மேற்கு மங்கோலியாவில் ஒரு ஏரியில், சிறகு உதிர்ந்து பறக்க முடியாத நாளில் பிடித்து வளையம் மாட்டிய பெண் வாத்து. அதற்குப் பிறகு யாருமே அதைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. செத்திருக்கும் என்று நினைத்தார்களாம்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: அது தனியாக இருந்ததா, கூட யாராவது இருந்தார்களா?

ஈரவ்வா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இத்தனை நாள் வளையத்தை மட்டுமே பார்த்தவள், இப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். K62-க்குப் பக்கத்தில், எல்லாப் படத்திலும், இரண்டு வாத்துகள் ஒட்டிக்கொண்டே நின்றன. தலையில் பட்டை இல்லை.

"படம் சரியா விழல போல," என்றேன்.

"விழுந்திருக்குண்ணே. பட்டை இன்னும் வரல. அந்த வருஷம் பொறந்த குஞ்சுங்களுக்குத் தலைல பட்டை இருக்காதுன்னு காவலர் சொல்லியிருக்காரு." அவள் மறுபடி படத்தைப் பெரிதாக்கினாள். "செத்துப்போச்சுன்னு நெனச்சாங்களாம். ரெண்டு புள்ளைங்களோட மலையத் தாண்டி வந்திருக்கா."

உடனே பதில் எழுத உட்கார்ந்தாள். நேரக் கண்காணிப்பாளர் விசில் ஊதினார். நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

"ஏம்மா, பஸ்ஸ எடுக்கிற எண்ணம் இருக்கா இல்லையா? யாருக்கு அப்படிக் கடுதாசி?"

"மங்கோலியாவுக்குத் தாத்தா. ரெண்டே வரி பாக்கி."

"அங்க யாரு உனக்கு?"

அவள் இரண்டு குஞ்சுகளும் தெரிகிற படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டு, பையைத் தோளில் மாட்டி ஏறினாள். அன்று நாங்கள் நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினோம்.